செயற்கைத் தோல் வைக்கும் முறை: பெட்டியைத் திறக்கும் முன்பும் பின்பும்

தீக்காயப் பிரிவிலோ ஆறாத புண்களைப் பார்க்கும் பிரிவிலோ புதிதாகச் சேர்ந்திருக்கும் பயிற்சி மருத்துவர்கள், செவிலியர்கள், கட்டுப் போடும் உதவியாளர்கள் ஆகியோருக்கான வழிகாட்டி இது. அனுபவமுள்ள அறுவை மருத்துவர் பக்கத்தில் இருக்கும்போது கையில் வைத்துக்கொள்ள வேண்டிய குறிப்பு இது; அவர் இல்லாத நேரத்தில் தனியாகச் செய்து பார்ப்பதற்கானது அல்ல.

"செயற்கைத் தோல்" என்ற பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். கிழிந்த சட்டைக்கு ஒட்டுத்துணி தைப்பதுபோல, போன தோலின் இடத்தில் புதுத்தோலை ஒட்டினால் வேலை முடிந்தது என்று நோயாளி மட்டுமல்ல, புதிதாக வந்த மருத்துவரும் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் பெரும்பாலான செயற்கைத் தோல்கள் வெறும் சாரம். கட்டடம் எழும்வரை நிற்கிற மூங்கில் சாரம் மாதிரி. கொத்தனார்கள் நோயாளியின் சொந்தச் செல்களும் ரத்தக்குழாய்களும்தான். அவர்கள் ஏறி வர வழியில்லாத புண்ணில் எவ்வளவு விலையுயர்ந்த சாரத்தைக் கட்டினாலும் ஒரே வாரத்தில் அது சீழில் மிதக்கும். ஆகவே, தோலை எப்படி வைப்பது என்பதைவிடப் புண்ணை எப்படித் தயார் செய்வது என்பதற்கே இங்கே இடம் அதிகம்.

எது போனது என்று முதலில் பாருங்கள்

தோலில் இரண்டு அடுக்கு. மேல்தோல் காகிதம்போல மெல்லியது. பல இடங்களில் 0.1 மி.மீ. அளவுதான். அதன் அடியில் இருக்கும் அடித்தோல் 1 முதல் 4 மி.மீ. வரை தடிமன் கொண்டது. தோலுக்கு வலுவும் நெகிழ்வும் தருவது அதுதான். மயிர்க்கால்கள், வியர்வைச் சுரப்பிகள், நரம்பு முனைகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன.

மேல்தோல் தானாக வளரும். அடித்தோலில் மயிர்க்கால்களின் வேர் மிச்சமிருந்தால் அங்கிருந்தே செல்கள் கிளம்பிப் பரவி, ஆழம் குறைந்த தீக்காயத்தை இரண்டு, மூன்று வாரத்தில் மூடிவிடும். அடித்தோல் அப்படியல்ல. முழு ஆழமும் போய்விட்டால் மனித உடல் அதைத் திரும்பக் கட்டுவதில்லை. தழும்புத் திசுவை இட்டு நிரப்பி, சுருக்கி இழுத்துக்கொள்ளும். கழுத்தும் முழங்கையும் மடங்கி இறுகிப்போவது இதனால்தான்.

இந்த ஒரு வேறுபாடு புரிந்தால் எந்தப் பொருள் எதற்கு என்பது பாதி தெரிந்துவிடும்.

ஆழம் குறைந்த காயத்துக்குத் தேவை மூடி மட்டுமே. நைலான் வலையின்மேல் சிலிகோன் படலமும் பன்றிக் கொலாஜனும் (தோலுக்கு வலுத் தரும் புரதம்) சேர்ந்த பயோபிரேன், பாலிலாக்டிக் அமிலத்தால் ஆன சுப்ராதெல் போன்றவை இந்த வகை. ஒட்டிக்கொண்டு ஈரத்தைக் காக்கும், வலியைக் குறைக்கும், அடியில் மேல்தோல் வளர்ந்ததும் கழன்று வரும். தானம் பெற்ற மனிதத் தோல், பன்றித் தோல், பனிக்குடச் சவ்வு ஆகியவையும் தற்காலிக மூடிகளே. இறந்தவரின் தோல் முதலில் ஒட்டிக்கொண்டதுபோல் தோன்றினாலும், உடல் அதைச் சில வாரங்களில் தள்ளிவிடும்.

முழு ஆழமும் போன காயத்துக்குத் தேவை அடித்தோலின் சாரம். இதில் முன்னோடி இன்டெக்ரா. மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையின் அறுவை மருத்துவர் ஜான் பர்க்கும் எம்.ஐ.டி. பேராசிரியர் அயோன்னிஸ் யான்னாஸும் சேர்ந்து உருவாக்கியது. நோயாளிகளிடம் பயன்படுத்திய முடிவுகள் 1981-இல் வெளியாயின. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஒப்புதல் கிடைத்தது 1996-இல். மாட்டுத் தசைநாண் கொலாஜனையும் சுறாக் குருத்தெலும்பிலிருந்து எடுத்த காண்ட்ராய்ட்டின் சல்ஃபேட்டையும் பிணைத்துச் செய்த பஞ்சு போன்ற அடிப்பகுதி. அதன்மேல் சிலிகோன் தாள். பஞ்சு அடித்தோலாகிறது, சிலிகோன் தற்காலிக மேல்தோலாக நின்று பிறகு உரித்தெறியப்படுகிறது. மாட்ரிடெர்ம் கொலாஜனும் எலாஸ்டினும் சேர்ந்தது. அதன் 1 மி.மீ. தாளின்மேல் அதே அறுவையிலேயே நோயாளியின் மெல்லிய தோலை ஒட்டிவிடலாம். நோவோசார்ப் பிடிஎம் முழுக்கச் செயற்கையான பாலியூரித்தேன் நுரை, 2 மி.மீ. தடிமன். விலங்குப் பொருள் எதுவும் அதில் இல்லாததால் கிருமித்தொற்றை மற்றவற்றைவிடத் தாக்குப்பிடிக்கும்.

மூன்றாவது வகை உயிருள்ள தோல். ஆறாத கால் புண்களுக்கானது. அதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

மூன்று வகையிலும் கிடைக்காத ஒன்று உண்டு: பெரிய, முழு ஆழப் புண்ணுக்கு நிரந்தரமான மேல்தோல். அது நோயாளியிடமிருந்தே வர வேண்டும். தொடையிலிருந்து சீவி எடுக்கலாம், ஆய்வகத்தில் வளர்க்கலாம், கரைசலாக்கித் தெளிக்கலாம். ஆனால் மூலம் அவருடைய உடல்தான். இதைக் குடும்பத்தாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். "செயற்கைத் தோல்தான் வைத்தாகிவிட்டதே, இன்னொரு அறுவை எதற்கு?" என்ற கேள்வி மூன்றாவது வாரத்தில் வந்தால் பதில் சொல்வது கடினம்.

இந்த நோயாளிக்கு இப்போது வைக்கலாமா

கை அரிக்கும், பெட்டி அலமாரியில் இருக்கும், புண்ணும் கண்ணெதிரே இருக்கும். ஆனாலும் கீழே உள்ளவற்றைப் பார்க்காமல் முடிவெடுக்காதீர்கள்.

ரத்த ஓட்டம்: கால் புண் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கணுக்காலில் எடுத்த மேல் ரத்த அழுத்தத்தைக் கையில் எடுத்த அழுத்தத்தால் வகுங்கள். கணுக்காலில் 80, கையில் 130 என்றால் 0.62. அந்தக் காலுக்குத் தோலைவிட ரத்தக்குழாய் நிபுணர்தான் முதல் தேவை. 0.9-க்கு மேல் இருந்தால் பொதுவாகக் கவலை இல்லை. ஆனால் 1.3-ஐத் தாண்டினால் மகிழ்ந்துவிட வேண்டாம். நீண்டகாலச் சர்க்கரை நோயில் ரத்தக்குழாய்ச் சுவர் சுண்ணாம்பேறி இறுகிவிடும், அழுத்தினாலும் அமுங்காது, எண் பொய்யாக உயரும். அப்போது கால் கட்டைவிரல் அழுத்தம் எடுக்க வேண்டும். அது 30 மி.மீ. பாதரசத்துக்குக் கீழே என்றால் புண் ஆறுவது மிகவும் சந்தேகம்.

கிருமித்தொற்று: புண்ணில் கிருமி இருப்பது இயல்பு; எவ்வளவு என்பதே கேள்வி. ஒரு கிராம் திசுவில் ஒரு லட்சத்துக்கு மேல் கிருமிகள் இருந்தால் ஒட்டு பிடிக்காது என்பது நெடுநாள் அளவுகோல். பீட்டா ஹீமோலிட்டிக் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மட்டும் விதிவிலக்கு. அது எவ்வளவு குறைவாக இருந்தாலும் ஒட்டைத் தின்றுவிடும். அதை ஒழித்த பிறகே அடுத்த வேலை. பஞ்சால் மேலே துடைத்து அனுப்பும் மாதிரி மேலோட்டமான கிருமிகளையே காட்டும். முடிந்தால் சுத்தம் செய்தபின் சிறு திசுத் துண்டை எடுத்து அனுப்புங்கள்.

எலும்பு: பாதப் புண்ணில் மழுங்கிய முனையுள்ள உலோகக் கம்பியை மெதுவாக விட்டுப் பாருங்கள். கடினமாகத் தட்டினால் எலும்புத் தொற்று இருக்கிறது என்றே எடுத்துக்கொண்டு, இல்லை என்று உறுதியாகும்வரை தோலைத் தள்ளிப்போடுங்கள்.

இவை தவிர, கட்டுப்படாத சர்க்கரை, குறைந்த ஆல்புமின், புகைப்பழக்கம், ஸ்டீராய்டு மருந்து ஆகிய நான்கையும் எழுதி வையுங்கள். சிலவற்றை இரண்டு வாரத்தில் சீராக்கலாம். பிறகு ஒவ்வாமை. மாட்டுக் கொலாஜன், காண்ட்ராய்ட்டின், பன்றிப் பொருள் எதற்காவது ஒவ்வாமை உண்டா என்று கேளுங்கள். பொருள் எந்த விலங்கிலிருந்து வந்தது என்பதை ஒப்புதல் கையெழுத்துக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். ஒவ்வாமை இல்லாவிட்டாலும் அதை உடலில் ஏற்பதா வேண்டாமா என்பது நோயாளியின் முடிவு.

புண் படுக்கையைத் தயார் செய்தல்

பத்துப் பேரிடம் செயற்கைத் தோல் ஏன் தோற்றது என்று கேட்டால் கம்பெனியையும் கிருமியையும் சொல்வார்கள். பெரும்பாலும் காரணம் இங்கே, முதல் அரை மணி நேரத்தில்தான் இருக்கும்.

செத்த திசு முழுதும் போக வேண்டும். தீக்காயத்தில், கருகிய பொருக்கைப் படலம் படலமாகச் சீவிக்கொண்டே போய், புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும் இடத்தில் நிறுத்துவது வழக்கம். யூகோஸ்லாவியாவின் மாரிபோர் நகரில் பணியாற்றிய ஸோரா யான்ஷெகோவிச் 1970-இல் வெளியிட்ட முறை இது. அதுவரை பொருக்கு தானாக அழுகி உதிரும்வரை வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். சீவிய பரப்பு வெண்மையாகப் பளபளத்து, ரத்தம் புள்ளி புள்ளியாகத் துளிர்த்தால் அது உயிருள்ள அடித்தோல். கொழுப்பு என்றால் வெளிர் மஞ்சளாக, மினுமினுப்பாக இருக்க வேண்டும். பழுப்பேறியோ, உறைந்த ரத்தக்குழாய்கள் கருங்கோடுகளாகவோ தெரிந்தால் இன்னும் சீவ வேண்டும். சந்தேகம் வந்தால் அன்றைக்குச் செயற்கைத் தோல் வைக்காதீர்கள். தற்காலிக மூடியைப் போட்டு 48 மணி நேரம் கழித்துத் திறந்து பாருங்கள். செத்தது எது என்பதைக் காலமே பிரித்துக் காட்டிவிடும்.

பழைய புண்ணில் வேறு சிக்கல். சிவந்த சதை வளர்ந்திருப்பதைப் பார்த்து "படுக்கை தயார்" என்று நினைப்பது இயல்பு. வாரக்கணக்கில் திறந்து கிடந்த சதையின் மேற்பரப்பில் கிருமிகள் வழவழப்பான படலம் கட்டிக் குடியிருக்கும். கியூரெட்டாலோ (சுரண்டும் சிறு கரண்டி) கத்தியின் பின்புறத்தாலோ அந்தச் சதையைச் சுரண்டி, அடியில் இருக்கும் கெட்டியான பரப்புக்கு வாருங்கள். ஓரத்தில் தடித்துச் சுருண்டிருக்கும் தோலையும் வெட்டிச் சமப்படுத்துங்கள்.

எலும்பின்மேல் அதன் உறையும், தசைநாணின்மேல் அதன் மெல்லிய உறையும் இருந்தால் சாரம் பிடிக்கும். உறை உரிந்த எலும்பில் ரத்தமே இல்லை. வெளிப்பரப்பைத் துளைக்கருவியால் தேய்த்து, ரத்தப் புள்ளி தெரியும்வரை போக வேண்டும். சிறு பரப்பென்றால் ஓரங்களிலிருந்து ரத்தக்குழாய்கள் பாலம் போடும். பெரிய பரப்பென்றால் ரத்த ஓட்டமுள்ள தசையைத் திருப்பி மூடும் தசை மடிப்புத்தான் வழி.

அடுத்தது ரத்தத்தை நிறுத்துதல். எல்லோரும் அவசரப்படுகிற இடம் இது. சாரத்தின் அடியில் சேரும் ரத்தக் கட்டி இரண்டு கேடு செய்யும்: ரத்தக்குழாய் ஏறி வரும் வழியை அடைக்கும், கிருமிக்கு உணவாகும். அட்ரினலின் கரைசலில் நனைத்த துணியை 10 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்து 10 நிமிடம், உத்தேசமாக அல்ல. பிறகு மிஞ்சிக் கசியும் குழாய்களை மட்டும் மின்சூட்டால் சுடுங்கள். பரப்பு முழுதையும் சுட்டால் ரத்தம் நிற்கும். கூடவே ஒரு கரிப்படலமும் செத்த திசுவும் திரும்ப வந்துவிடும். டூர்னிக்கே (ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் பட்டை) கட்டியிருந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி பாருங்கள். கட்டியிருக்கும்போது உலர்ந்து தெரிந்த படுக்கை அவிழ்த்த ஐந்தாவது நிமிடத்தில் குளமாக நிற்பதுண்டு.

அளவு

பெரியவர் ஒருவரின் உடல் பரப்பு ஏறத்தாழ 1.7 சதுர மீட்டர் என்று வைத்தால், 1 சதவீதம் என்பது 170 சதுர செ.மீ. விரல்கள் சேர்த்த நோயாளியின் உள்ளங்கை ஏறக்குறைய அந்த அளவு. தொடையில் 3 சதவீதக் காயம் என்றால் 510. ஓரம் வெட்டுவதற்கு ஒரு பத்து சதவீதம் கூட்டினால் 561 சதுர செ.மீ. 20க்கு 25 செ.மீ. தாள் ஒன்று 500 தரும், 10க்கு 12.5 தாள் ஒன்று 125 தரும். இரண்டும் சேர்ந்தால் போதும். இந்தக் கணக்கைச் சுத்தம் செய்தபின் மறுபடி போடுங்கள். சீவியபின் புண் எப்போதும் பெரிதாகும், சிறிதாகாது.

ஒழுங்கற்ற புண்ணுக்கு நீளம் பெருக்கல் அகலம் அதிகமாகக் காட்டும். கிருமி நீக்கிய தெளிவான பிளாஸ்டிக் தாளைப் புண்மேல் வைத்துப் பேனாவால் ஓரம் வரையுங்கள். அதே தாள் பிறகு வெட்டுவதற்கு அச்சாகவும் பயன்படும். எந்தப் பக்கம் மேலே என்று அதில் எழுதி வையுங்கள். எழுதாமல் கண்ணாடிப் பிம்பமாக வெட்டிவிட்டு விழிப்பவர்கள் உண்டு.

வைத்தல்

இன்டெக்ரா போன்ற இரட்டை அடுக்குச் சாரத்தை எடுத்துக்கொண்டு படிப்படியாகச் சொல்கிறோம். வேறு பொருளென்றால் உறையினுள் இருக்கும் குறிப்புத்தாளே சட்டம்.

பெட்டியின் காலாவதித் தேதியையும் தொகுதி எண்ணையும் உரக்கப் படித்து நோயாளியின் பதிவேட்டில் ஒட்டுங்கள். கையுறையை மாற்றுங்கள், பொருக்கு சீவிய கையுறையோடு தாளைத் தொடக்கூடாது. தாளைக் கிண்ணத்தில் கிருமி நீக்கிய சலைனில் (உப்புநீர்க் கரைசல்) அலசுங்கள். சேமிப்புக் கரைசல் முழுதும் போக வேண்டும். எத்தனை நிமிடம் என்பது அந்தந்தப் பெட்டியிலேயே இருக்கும். எடுக்கும்போது பஞ்சுப் பக்கத்தை இடுக்கியால் நசுக்காதீர்கள். நுண்துளைகள் அமுங்கிப்போனால் செல்கள் நுழைய வழியில்லை. சிலிகோன் ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள்.

எது மேல்பக்கம்? இன்டெக்ராவின் சிலிகோனில் கருப்பு நூல்கள் ஓடும்; அவை உங்கள் கண்ணுக்கு நேராகத் தெரிய வேண்டும். தலைகீழாக வைத்துவிடுவது சிரிப்பான தவறுபோலத் தோன்றும். ஆனால் ஈரத்தில், விளக்கொளியில், இரண்டு பக்கமும் ஒன்றுபோல மின்னும். இரண்டு பேர் பார்த்து உறுதி செய்வது நல்ல வழக்கம்.

விரித்தபின் நடுவிலிருந்து ஓரத்துக்கு விரலால் நீவி, காற்றுக் குமிழ்களை வெளியே தள்ளுங்கள். புண்ணின் ஓரத்தோடு சரியாகப் பொருந்துமாறு வெட்டுங்கள். தாளுக்கும் தோலுக்கும் இடையே இடைவெளி விட்டால் அந்த இடுக்கில் சதை முளைத்துச் சிலிகோனைத் தூக்கிவிடும். பின்னால் அங்கே தடித்த கோடாகத் தழும்பும் நிற்கும். இரண்டு தாள் சேரும் இடத்திலும் இதே விதி. இழுத்துப் பிடித்தும் தைக்காதீர்கள். பள்ளமான இடத்தில் இழுத்த தாள் கூடாரம்போலத் தூக்கி நிற்கும். அடியில் நீர் கோக்கும். பள்ளத்தின் நடுவில் ஓரிரு தையல் போட்டு அடியோடு பிடிக்க வையுங்கள்.

ஓரங்களை ஸ்டேப்ளர் பின்களால் 1 முதல் 2 செ.மீ. இடைவெளியில் பொருத்துங்கள். போட்ட பின்களை எண்ணி எழுதுங்கள். எடுக்கும்போது எண்ணிக்கை சேராவிட்டால் தேட வேண்டியது எத்தனை என்பதாவது தெரியும். குழந்தைகளுக்கும் முகத்துக்கும் தையலே நல்லது. நீர் அதிகம் கசியும் என்று தோன்றினால் கத்தி நுனியால் சிலிகோனில் சிறு கீறல்கள் போடலாம். தாளில் வலைபோலத் துளையிடும் வலைக்கருவியில் விட்டால் விரிக்காமல் மட்டுமே வைக்க வேண்டும்.

கட்டு

கட்டின் வேலை மூன்று: நகராமல் பிடிப்பது, நீரை உறிஞ்சுவது, கிருமியைத் தடுப்பது. முதலில் ஒட்டாத வலை; அதன்மேல் வெள்ளி கலந்த கட்டு; அதன்மேல் தடித்த பஞ்சுத்துணி; எல்லாவற்றையும் பிடிக்க மீள்துணி. நுண்படிக வெள்ளிக் கட்டை நனைப்பதற்கு ஒரு நுணுக்கம் உண்டு: சலைன் கூடாது, கிருமி நீக்கிய நீர் மட்டுமே. சலைனில் உள்ள குளோரைடு வெள்ளியோடு சேர்ந்து படிந்துவிடும். விலை கொடுத்து வாங்கிய வெள்ளி வீணாகும். எண்ணெய்ப் பசையுள்ள களிம்புகளைச் சிலிகோனின் ஓரத்தில் தடவாதீர்கள், ஓரம் தூக்கிக்கொள்ளும். செத்த திசுவைக் கரைக்கும் நொதிக் களிம்பு அருகிலேயே வரக்கூடாது. அது கொலாஜனையும் சேர்த்துத் தின்னும்.

மூட்டின்மேல் வைத்திருந்தால் பலகைக் கட்டு கட்டாயம். காலில் வைத்திருந்தால் காலை உயர்த்தி வையுங்கள். உறிஞ்சும் வாக்யூம் கட்டு இருந்தால் அதுவே சிறந்த பிடிப்பு. 125 மி.மீ. பாதரச எதிர் அழுத்தம் பொதுவான அளவு. வலி அதிகமாக இருந்தாலோ ரத்த ஓட்டம் சுமாராக இருந்தாலோ 75-க்கு இறக்கலாம். நீரும் ரத்தமும் அடியில் தேங்காததால் ரத்தக்குழாய் ஏறும் காலமும் குறைகிறது.

காத்திருக்கும் மூன்று வாரம்

இந்த வாரங்களில் கையைக் கட்டிக்கொண்டு இருப்பதில்லை வேலை, பார்த்துக்கொண்டே இருப்பதுதான். முதல் கட்டை 24 முதல் 48 மணி நேரத்தில் திறந்து ரத்தக் கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு 4, 5 நாளுக்கு ஒருமுறை மேல்கட்டை மாற்றினால் போதும். தொட்டியில் முக்கிக் குளிப்பாட்டுவது கிடையாது.

சிலிகோன் ஒளி ஊடுருவுவது நமக்கு அதிர்ஷ்டம். அதன் வழியாக நிறத்தைப் படிக்கலாம். வைத்த அன்றே ரத்த நீரை உறிஞ்சிச் சிவப்பாகும். முதல் வாரத்தில் அந்தச் சிவப்பு மெல்ல இளஞ்சிவப்பாக வெளிறும். செல்கள் இடம்பெயரத் தொடங்கிவிட்டன என்று பொருள். பிறகு பீச் பழ நிறம், அதற்கும் பிறகு வெளிர் மஞ்சள். அந்த மஞ்சளைச் சீழ் என்று பயந்து உரித்துவிட்டவர்கள் இருக்கிறார்கள். வேறுபாடு எளிது: முற்றிய சாரம் அடியோடு ஒட்டியிருக்கும், அழுத்தினால் நகராது. சீழ் என்றால் அழுத்தும்போது அடியில் ஓடும். நாற்றமும் சுற்றுத்தோலில் சிவப்பும் சூடும் கூடவே இருக்கும்.

ஊதாவோ கருஞ்சிவப்போ ஒரு திட்டு தெரிந்தால் ரத்தக் கட்டி. முதல் இரண்டு நாளில் கண்டால் மேலே சிறு கீறல் போட்டு, பஞ்சுருளையை உருட்டி வெளியேற்றி, மறுபடி அழுத்திக் கட்டிவிடலாம். ஒரு வாரம் கழிந்து கண்டால் அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக வையுங்கள். தெளிந்த நீர் தேங்கினால் ஊசியால் உறிஞ்சலாம். சீழ் தெரிந்தால் தயங்காதீர்கள்: அந்த இடத்துச் சிலிகோனையும் கெட்ட சாரத்தையும் வெட்டி, மாதிரி அனுப்பி, கிருமிநாசினிக் கட்டுப் போடுங்கள். மீதி இடம் நன்றாக இருந்தால் அதை விட்டுவிடலாம். முழுதையும் உரிக்கத் தோன்றும் பதற்றமும், எதையும் வெட்ட மனம் வராத தயக்கமும் ஒரே அளவு கேடு.

சிலிகோன் நேரத்துக்கு முன்பே கழன்றால், கழன்ற பகுதியை மட்டும் கத்தரித்துவிட்டு, வெளிப்பட்ட சாரம் உலர்ந்துபோகாமல் ஈரக்கட்டுப் போடுங்கள். அதன்மேல் சதை மிகையாக முளைக்கும் முன் தோல் ஒட்ட வேண்டும்.

குழந்தைகளிடம் ஒரு தனி எச்சரிக்கை. சிறு தீக்காயம்தான், புண்ணும் சுத்தமாகத்தான் தெரிகிறது. ஆனால் திடீரென உயர்ந்த காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மேலெங்கும் சிவந்த தடிப்பு, சோர்வு. இது ஸ்டாஃபிலோகாக்கஸ் நச்சு அதிர்ச்சியாக இருக்கலாம். மணிக்கணக்கில் உயிரைப் பறிக்கும். புண் அழகாக இருக்கிறது என்பதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளாமல், கட்டைப் பிரித்து மூத்த மருத்துவரை உடனே அழையுங்கள்.

இரண்டாம் அறுவை

இன்டெக்ராவுக்குப் பொதுவாக 21 நாள் கணக்கு. பிடிஎம் நுரைக்கு இன்னும் கூடுதலாக ஆகலாம். நாட்காட்டியைவிட அறிகுறிகளை நம்புங்கள். சிலிகோன் சுலபமாகப் பிரிகிறதா? அடியில் விரலால் அழுத்தினால் வெளிறி, விட்டதும் நிறம் திரும்புகிறதா? இரண்டும் ஆம் என்றால் தயார். சிலிகோனை இழுக்கும்போது சாரமும் சேர்ந்து பிய்ந்து வந்தால் நிறுத்துங்கள், இன்னும் நாளாகவில்லை.

பின்களை எடுத்து, சிலிகோனை ஓர் ஓரத்திலிருந்து தட்டையாக மடக்கி உரியுங்கள். துணுக்கு எதுவும் உள்ளே தங்கக்கூடாது. ஈரத்துணியால் பரப்பை லேசாகத் தேய்த்தால் சிறு ரத்தப்புள்ளிகள் வரும், அது போதும். இனி டெர்மடோமால் (தோல் சீவும் கருவி) 0.1 முதல் 0.15 மி.மீ. தடிமனில் தோல் சீவுங்கள். வழக்கமான தோல் ஒட்டுக்கு இதைவிடத் தடிமனாக எடுப்பது அடித்தோலையும் சேர்த்துக்கொள்ளத்தான். இங்கே அடித்தோல் ஏற்கெனவே இருப்பதால் மெல்லியதே போதும். சீவிய இடம் விரைவில் ஆறும். பெரிய தீக்காயத்தில் அதே இடத்திலிருந்து மறுபடியும் எடுக்கலாம். தோல் மிச்சமில்லாத நோயாளிக்கு இது பெரிய வரம். ஆனால் மெல்லிய தோல் எளிதில் கிழியும், சுருளும். கட்டை 5 முதல் 7 நாள்வரை அசைக்காமல் வைத்திருந்து பிறகே திறவுங்கள்.

தோலே இல்லாதவருக்கு ஆய்வகத்தில் மேல்தோல் வளர்ப்பது உண்டு. ரைன்வால்டும் கிரீனும் 1975-இல் காட்டிய முறை. அஞ்சல்தலை அளவுத் துண்டிலிருந்து மூன்று வாரத்தில் பெரும் பரப்பு கிடைக்கும். கிடைக்கும் தாள் சில செல் அடுக்குகளே கொண்டது. அடியில் அடித்தோல் இல்லாமல் வைத்தால் மாதங்கள் கழித்தும் கொப்புளித்து உரியும்.

ஆறாத கால் புண்ணுக்கு உயிருள்ள தோல்

இங்கே நோக்கமே வேறு. ஆப்லிகிராஃப், டெர்மாகிராஃப்ட் போன்றவற்றில் பிறந்த ஆண் குழந்தையின் ஆண்குறி நுனித்தோலிலிருந்து வளர்த்த செல்கள் இருக்கின்றன. அவை அங்கேயே வேரூன்றி வாழ்வதில்லை. சில வாரங்கள் இருந்து, வளர்ச்சிக் காரணிகளைச் சுரந்து, தூங்கிப்போன புண்ணைத் தட்டி எழுப்பிவிட்டு மறையும். அமெரிக்காவில் ஆப்லிகிராஃப் 1998-இல் சிரைப் புண்ணுக்கும் 2000-இல் சர்க்கரைப் பாதப் புண்ணுக்கும், டெர்மாகிராஃப்ட் 2001-இல் பாதப் புண்ணுக்கும் ஒப்புதல் பெற்றன.

முதலில் நான்கு வாரம் முறையான சிகிச்சை: வாராவாரம் சுத்தம் செய்தல், பாதத்தின் சுமையை இறக்கும் மாவுக்கட்டு அல்லது காலணி, சிரைப் புண்ணென்றால் அழுத்தக் கட்டு. ஒவ்வொரு வாரமும் பரப்பை அளந்து எழுதுங்கள். 6 சதுர செ.மீ. புண் நான்காவது வாரம் 3-க்குக் கீழே வந்தால் தானாக ஆறும் பாதையில் இருக்கிறது, தோல் வேண்டாம். பாதிகூடக் குறையாவிட்டால்தான் இதற்கு இடம்.

உயிருள்ள பொருள் என்பதால் சேமிப்பு வெப்பநிலை முக்கியம். ஆப்லிகிராஃப் அறை வெப்பத்தில், 20 முதல் 23 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும். குளிர்பெட்டியில் வைத்தால் செல்கள் கெடும். டெர்மாகிராஃப்டுக்கு நேர்மாறாக ஆழ்ந்த உறைநிலை வேண்டும். வைக்கும் நாளில் புண்ணைப் போவிடோன் அயோடினாலோ குளோர்ஹெக்சிடினாலோ கழுவிவிட்டு அப்படியே வைத்தால், கிருமியைக் கொல்லும் அதே மருந்து விலைகொடுத்து வாங்கிய செல்களையும் கொல்லும். சலைனால் தாராளமாக அலசுங்கள். வைத்தபின் சுமை இறக்கும் காலணியையோ அழுத்தக் கட்டையோ நிறுத்திவிடுவதுதான் இந்தச் சிகிச்சை தோற்க மிகச் சாதாரணமான காரணம். தோல் வைத்த காலால் நோயாளி வழக்கம்போல நடந்தால் ஒவ்வோர் அடியும் அதை நசுக்கும்.

வீட்டுக்குப் போகும்போது

புதிய தோலில் வியர்வைச் சுரப்பி இல்லை, எண்ணெய்ச் சுரப்பி இல்லை, மயிர் இல்லை. அதனால் உலரும், அரிக்கும், வெடிக்கும். நாளுக்கு இரண்டு, மூன்று முறை வாசனையில்லாத ஈரப்பசை தடவச் சொல்லுங்கள். பெரிய பரப்பில் ஒட்டியிருந்தால் உடல் வெப்பத்தை வெளியேற்றுவதும் குறையும். வெயிலில் கடின வேலை செய்யும்போது தலைசுற்றல் வரலாம். தொடு உணர்வு குறைவாகவே திரும்பும் என்பதால் சுடுநீரையும் இஸ்திரிப் பெட்டியையும் நல்ல தோலால் சோதித்தபின் தொடச் சொல்லுங்கள். வெயில் பட்டால் கருமை நிலைத்துவிடும். ஓராண்டுக்காவது மூடியோ, 30-க்கு மேற்பட்ட வெயில் காப்பு எண் (எஸ்.பி.எஃப்.) உள்ள களிம்பு பூசியோ பாதுகாக்க வேண்டும்.

அழுத்த உடையை நாளுக்கு 23 மணி நேரம் போட வேண்டும். கழற்றுவது குளிக்கவும் ஈரப்பசை தடவவும் மட்டும். உடை சில மாதங்களில் தளர்ந்துவிடும், மாற்ற வேண்டும். சாரம் வைத்த இடம் வெறும் தோல் ஒட்டைவிடக் குறைவாகச் சுருங்கும், ஆனால் சுருங்காது என்று உறுதி கிடையாது. ஆகவே மூட்டுப் பயிற்சியை நிறுத்த விடாதீர்கள். மூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, எத்தனை பாகை நிமிர்கிறது என்பதை வீடு திரும்பும் நாளிலேயே அளந்து அட்டையில் எழுதிக் கொடுங்கள். அடுத்த வருகையில் அந்த எண் குறைந்திருந்தால் பிசியோதெரபி அன்றே தொடங்க வேண்டும். வளரும் குழந்தைகளை இன்னும் நெருக்கமாக வரச் சொல்லுங்கள். உடல் வளரும் வேகத்துக்குத் தழும்பு ஈடுகொடுக்காது.